மீட்புப் பணம் யார் கைக்கு?

(தாயில்பட்டியில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நொடிந்துபோன தொழிலை அரசாங்கம் தூக்கிவிடலாமா, கூடாதா என்று பேசச் சொல்லி அழைத்தார்கள். அமெரிக்காவில் கார் கம்பெனிகளுக்கு அரசாங்கம் பணம் கொடுத்த கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். சொல்கிறேன். ஆனால் என் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் பட்டாசு ஆபீசுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போய் வருகிறவர்கள். வெற்றிலையூரணி, விஜயகரிசல்குளம், ஏழாயிரம்பண்ணை என்று பக்கத்து ஊர்களிலிருந்து வந்திருப்பவர்களுக்கும் அதே பிழைப்புதான். அதனால் டெட்ராய்ட்டில் தொடங்கினாலும் இந்தக் கரிசல் காட்டுக்கு வந்துதான் பேச்சை முடிப்பேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அரசாங்கம் ஒரு தொழிலைக் காப்பாற்றுகிறது என்று செய்தி வந்தால், அதில் காப்பாற்றப்படுவது முதலாளியின் கணக்குப் புத்தகமா, சரக்கின் விலையா, வேலை செய்கிறவரின் வயிறா என்று கேட்க வேண்டும். இந்த மூன்றும் ஒன்றுதான், முதலாளி நன்றாக இருந்தால் தொழிலாளியும் நன்றாக இருப்பார் என்று சொல்லியே நம்மைப் பழக்கிவிட்டார்கள். நூறு வருடக் கதையைப் பார்த்தால் அப்படி நடந்ததாகத் தெரியவில்லை.

2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் கவிழ்ந்தது. அந்த நாட்டில் பெரும்பாலோர் கடன் வாங்கித்தான் கார் வாங்குகிறார்கள். கடன் கொடுக்க ஆளில்லாமல் போனதும் கார் விற்பனை படுத்துவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர், ஃபோர்டு மூன்றின் தலைவர்களும் நவம்பரில் ஆளுக்கொரு தனி விமானத்தில் வாஷிங்டனுக்குப் போய் இறங்கி, மக்கள் வரிப்பணத்திலிருந்து உதவி கேட்டார்கள். தனி விமானத்தில் வந்து கை நீட்டுகிறார்களே என்று நாடே கொதித்தது. ஆனாலும் அந்தக் கம்பெனிகளோடு லட்சக்கணக்கான வேலைகள் பின்னிக் கிடந்தன. ஒரு காருக்கு வேண்டிய ஆயிரக்கணக்கான உதிரிபாகங்களை ஊர் ஊராகச் சிறிய ஆலைகள்தான் செய்து கொடுக்கின்றன. பெரிய கம்பெனி சாய்ந்தால் அத்தனையும் சாயும். டிசம்பர் 19ஆம் தேதி ஜனாதிபதி புஷ் 1,740 கோடி டாலர் கடன் அறிவித்தார். ஃபோர்டு அந்தக் கடனை வாங்கவில்லை. மற்ற இரண்டும் வாங்கின.

அடுத்து வந்த ஒபாமா அரசு இன்னும் கறாராக நடந்துகொண்டது. நீங்கள் கொண்டுவந்த திட்டம் தேறாது என்று ஜெனரல் மோட்டார்ஸிடம் முகத்துக்கு நேரே சொல்லி, 2009 மார்ச்சில் அதன் தலைவர் ரிக் வேகனரைப் பதவி விலக வைத்தது. ஏப்ரல் 30இல் கிரைஸ்லரும் ஜூன் 1இல் ஜெனரல் மோட்டார்ஸும் திவால் நீதிமன்றத்துக்குப் போயின. பழைய பங்குதாரர்களின் பணம் போனது போனதுதான். புதிதாக எழுந்த ஜெனரல் மோட்டார்ஸில் 60 சதவீதப் பங்கு அரசாங்கத்துக்கு வந்தது. போண்டியாக், சாட்டர்ன் போன்ற பெயர்களில் வந்த கார்கள் நின்றுபோயின. கிரைஸ்லர் மெல்ல மெல்ல இத்தாலியின் ஃபியட் கைக்குப் போனது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஓய்வுபெற்ற தொழிலாளிகளின் மருத்துவச் செலவுக்கென்று தொழிற்சங்கம் ஒரு நிதி வைத்திருந்தது. கம்பெனி அந்த நிதிக்குப் பெரும் பாக்கி வைத்திருந்தது. திவால் என்று வந்தால் அப்படிப்பட்ட பாக்கி காற்றில் போய்விடும். ஆனால் புதிய ஜெனரல் மோட்டார்ஸில் 17.5 சதவீதப் பங்கும், கிரைஸ்லரில் தொடக்கத்தில் 55 சதவீதப் பங்கும் அந்த நிதியின் பெயருக்கு எழுதப்பட்டன. பேரம் நடந்த அறைக்குள் தொழிலாளி தரப்பில் ஆள் இருந்ததால்தான் இது நடந்தது. அதே சமயம், புதிதாக வேலைக்குச் சேரும் இளைஞருக்குப் பழைய ஆள் வாங்கியதில் ஏறத்தாழ பாதிதான் சம்பளம் என்ற ஏற்பாடும் நிலைபெற்றது. டெல்ஃபை என்ற உதிரிபாகக் கம்பெனியில் சங்கம் இல்லாத அலுவலக ஊழியர்களின் ஓய்வூதியம் வெட்டப்பட்டது. அறைக்குள் ஆள் இருந்தவர்களுக்கு ஏதோ கிடைத்தது, இல்லாதவர்களிடமிருந்து பிடுங்கப்பட்டது.

2013 டிசம்பரில் அரசாங்கம் தன்னிடமிருந்த கடைசிப் பங்கையும் விற்றுவிட்டு வெளியே வந்தது. ஜெனரல் மோட்டார்ஸில் போட்டது ஏறத்தாழ 5,000 கோடி டாலர். அதில் 1,000 கோடி டாலருக்கு மேல் திரும்பவில்லை. அந்த நட்டம் போனாலும் தொழில் பிழைத்தது, வேலைகள் பிழைத்தன, கொடுத்தது சரிதான் என்பது என் கருத்து. ஆனால் அதே 2013இல், ஜூலை 18ஆம் தேதி, டெட்ராய்ட் நகரம் திவாலானது. அமெரிக்காவின் கார் நகரம் என்று பெயர் வாங்கிய ஊர், ஜெனரல் மோட்டார்ஸின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊர், கடனைக் கட்ட முடியாமல் நீதிமன்றப் படி ஏறியது. கம்பெனி லாபத்தில் ஓடிக்கொண்டிருந்த அந்த வருடத்தில்தான் ஊர் கவிழ்ந்தது. பல பத்தாண்டுகளாக ஆலைகள் ஊரைவிட்டுப் போயின, ஜனங்களும் போயினர், வரி வருமானமும் போனது. கம்பெனியைத் தூக்கிவிட்ட பணம் ஊரைத் தொடவே இல்லை.

இங்கிலாந்தில் இன்னொரு விதமாக நடந்தது. அங்கே பிரிட்டிஷ் லேலண்ட் நொடித்தபோது 1975இல் அரசாங்கமே வாங்கிக்கொண்டது. நம் பஸ்களின் நெற்றியில் இருக்கும் அசோக் லேலண்ட் என்ற பெயரில் பின்பாதி அந்தக் குடும்பத்திலிருந்து வந்ததுதான். எண்ணூரில் இருக்கும் பிள்ளை இன்றும் ஓடுகிறது. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி துண்டு துண்டாகி, கார் செய்யும் பகுதி கடைசியில் எம்ஜி ரோவர் என்ற பெயரில் 2005இல் இழுத்து மூடப்பட்டது. பணம் மட்டும் கொட்டினால் தொழில் பிழைத்துவிடாது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

இனி நம் பக்கம் வருவோம். செங்கல்பட்டுக்கு அருகில் மறைமலை நகரில் ஃபோர்டு கம்பெனி இருபது வருடங்களுக்கு மேல் கார் செய்தது. 2021 செப்டம்பர் 9ஆம் தேதி, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துகிறோம் என்று அறிவித்தது. சரியாக ஆறாம் நாள், செப்டம்பர் 15ஆம் தேதி, மத்திய அமைச்சரவை வாகனத் துறைக்கு 25,938 கோடி ரூபாய் உற்பத்தி ஊக்கத்தொகை ஒதுக்கியது. அந்த ஊக்கத்தொகைக்குத் தேர்வான கம்பெனிகளின் பட்டியலில் 2022 பிப்ரவரியில் ஃபோர்டின் பெயரும் இருந்தது. மே மாதம் வேண்டாம் என்று விலகிக்கொண்டது. நிரந்தரத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் போராடி இழப்பீட்டைக் கூட்டி வாங்கினார்கள். அந்த ஆலையை நம்பி உதிரிபாகம் செய்த பட்டறைகளில் ஒப்பந்தத்துக்கு வேலை பார்த்தவர்கள் யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாமல் கலைந்து போனார்கள். ஊக்கத்தொகையின் நிபந்தனைகள் முதலீட்டையும் விற்பனையையும் அளந்தன. வேலை இழந்தவருக்கு அதில் ஒரு வரி இல்லை.

எங்களுக்கு அப்படி எந்த உதவியும் எந்த அரசாங்கமும் செய்ததில்லை, சிவகாசி தானாக வளர்ந்த ஊர் என்று இங்கே பெருமையாகச் சொல்வது உண்டு. உழைப்பும் துணிச்சலும் உண்மை. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் மழை பொய்த்த ஊரிலிருந்து கல்கத்தா வரைக்கும் போய்த் தொழிலைக் கற்று வந்ததும், 1923இல் சிவகாசியில் தீப்பெட்டி ஆலை போட்டதும் சாதாரணக் காரியம் இல்லை. ஆனால் அதே 1922இல் இன்னொன்றும் நடந்தது. அதுவரை ஜப்பானிலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் வந்த தீப்பெட்டிதான் நம் வீட்டு அடுப்பைப் பற்றவைத்தது. அந்தத் தீப்பெட்டிக்கு ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் இறக்குமதித் தீர்வை என்று பிரிட்டிஷ் அரசு உயர்த்தியது. தன் கஜானாவை நிரப்பத்தான் அப்படிச் செய்தது. ஆனால் அந்தத் தீர்வை உள்ளூர்த் தீப்பெட்டிக்கு ஒரு மதில் சுவராக நின்றது. ஸ்வீடன்காரர்களே அந்தச் சுவருக்கு உள்ளே வந்து, 1923இல் விம்கோ என்ற பெயரில் ஆலை தொடங்கினார்கள். 1928இல் தீப்பெட்டித் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்து அந்தச் சுவரை நிலையாக்கியது. பட்டாசுக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுப் பட்டாசு வருவது நின்றபோதுதான் சிவகாசிப் பட்டாசு கால் ஊன்றியது.

விடுதலைக்குப் பிறகு உதவி இன்னும் கூடியது. இயந்திரத்தில் செய்யும் விம்கோவுக்கு அதிகக் கலால் வரி, கையால் செய்யும் ஆலைக்குக் குறைவு, குடிசைத் தொழிலுக்கு அதைவிடக் குறைவு என்று படி படியாக வரி வைத்தார்கள். நோக்கம் நல்லது. வானம் பார்த்த பூமியில் நிறையக் கைகளுக்கு வேலை வேண்டும் என்று நினைத்தார்கள், வேலையும் கிடைத்தது. ஆனால் சலுகையின் வடிவத்தைப் பாருங்கள். ஆலை சிறியதாக இருந்தால் வரி குறைவு. உடனே என்ன ஆகும்? ஒரே குடும்பத்தின் ஆலை பல பெயர்களில் பல துண்டுகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு துண்டிலும் ஆள் கணக்கு குறைவு. ஆள் கணக்கு குறைந்தால் தொழிலாளர் சட்டங்கள் பலவும் பொருந்தாது. வைப்பு நிதி இல்லை, மருத்துவக் காப்பீடு இல்லை, சங்கம் கட்ட வழி இல்லை. கையால் செய்தால் வரி குறைவு, கைக்கு விலை பேச வேண்டியதில்லை. அந்தக் கை எத்தனை வயதுக் கை என்று வரி அதிகாரி கேட்கவில்லை.

என் அம்மா தீப்பெட்டி ஒட்டியவர். மைதா மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்து பசை செய்வார். திண்ணையில் உட்கார்ந்து, மடித்துக் கொடுத்த அட்டையை வலது விரலால் பசையில் தொட்டு ஒட்டிப் பக்கத்தில் எறிவார். பேச்சு நிற்காது, கையும் நிற்காது. துத்தத்தால் நகக் கண்கள் எப்போதும் பச்சையாக இருக்கும். ஆபீசில் பெண்கள் கட்டை அடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள், பலர் செய்தும் இருப்பீர்கள். காடி வெட்டிய மரப்பட்டையின் மேல் குச்சியை அள்ளிப் போட்டு உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் காடிக்கு ஒன்றாகக் குச்சி விழ வேண்டும். விழாததை விரல் தேடிப் பிடித்து வைக்கும். அதன் மேல் அடுத்த பட்டை, அதன் மேல் அடுத்தது. அடுக்கி முடித்துத் திருகி இறுக்கியதும் மெழுகில் முக்கவும் மருந்தில் முக்கவும் போகும். சின்ன விரல்தான் காடிக்குள் லாகவமாகப் போகும் என்று சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறைப் பிள்ளைகளை விடியும் முன்னே பஸ்ஸில் ஏற்றினார்கள். அந்த வேலைக்கும் அரசாங்கம் வரிச் சலுகை கொடுத்துக்கொண்டிருந்தது. இதை நாம் மறக்கக் கூடாது.

அந்தப் பிள்ளைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 10ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நான் பார்த்த மீட்புத் திட்டங்களில் மனிதரை நடுவில் வைத்து யோசித்த திட்டம் அதுதான். ஆலையை மூடச் சொல்லவில்லை. வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில் கட்ட வேண்டும். அந்த வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு அரசாங்கம் வேலை கொடுக்க வேண்டும், கொடுக்க முடியாவிட்டால் 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். அந்தப் பணத்தின் வட்டி பிள்ளையின் படிப்புக்குப் போக வேண்டும். நடைமுறையில் எவ்வளவு வசூலானது, எவ்வளவு கை சேர்ந்தது என்று கேட்டால் மனம் கசக்கும். ஆனாலும் பணம் எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்று எழுதி வைத்தார்களே, அந்த வரி முக்கியம். பள்ளிக்கூடமும் மதிய உணவும் சேர்ந்துகொள்ள, சில வருடங்களில் பிள்ளைகள் ஆலையைவிட்டு வெளியே வந்தார்கள். அப்போது ஆலைகள் அழிந்துவிடவில்லை.

அண்மைக் காலத்துக்கு வருகிறேன். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது கையால் செய்யும் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், இயந்திரத் தீப்பெட்டிக்கு 18 சதவீதம் என்று வைத்தார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் எல்லாவற்றுக்கும் 12 சதவீதம் என்று சமப்படுத்திவிட்டார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் கைத்தொழிலுக்கு நிழலாக இருந்த வித்தியாசம் ஒரே உத்தரவில் போனது. வரி சமமானதும் போட்டி இயந்திரத்துக்கும் கைக்கும் நேருக்கு நேர் வந்தது. அதற்குள் சிவப்பு பாஸ்பரஸ், மெழுகு, அட்டை எல்லாம் விலை ஏற, 2021 டிசம்பர் 1 முதல் ஒரு ரூபாய்த் தீப்பெட்டி இரண்டு ரூபாயானது. 14 வருடத்தில் முதல் விலையேற்றம் அது. அந்த 14 வருடத்தில் அரிசி விலை எங்கே போனது, பஸ் கட்டணம் எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியும். கட்டை அடுக்கியவரின் கூலி தீப்பெட்டி விலையோடு கட்டப்பட்டுக் கிடந்தது.

கூடவே சீனாவிலிருந்து பிளாஸ்டிக் லைட்டர் வந்தது. பெட்டிக்கடையில் பத்து ரூபாய்க்கு வாங்கினால் இருபது தீப்பெட்டியின் வேலையைச் செய்யும் என்று கடைக்காரரே சொல்லி விற்றார். முதலமைச்சர் தில்லிக்குக் கடிதம் எழுதினார், சங்கங்கள் போய் நின்றன. 2023 ஜூன் மாதக் கடைசியில், 20 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள சிகரெட் லைட்டரை இறக்குமதி செய்யத் தடை வந்தது. உடனே உதிரிபாகமாக இறக்கி இங்கே பூட்டி விற்றார்கள். அதற்கும் 2024 அக்டோபரில் கட்டுப்பாடு போட வேண்டியதாயிற்று. இந்தத் தடைகளை நான் வரவேற்கிறேன். ஆனால் 1922ஆம் வருடத்து மதிலைத்தான் மறுபடி கட்டியிருக்கிறோம். மதிலுக்கு உள்ளே கூலி என்ன, காப்பீடு என்ன என்ற கேள்வி இந்தத் தடவையும் உத்தரவில் இல்லை. தடை கேட்டுப் போன சங்கங்களின் கோரிக்கை மனுக்களிலும் அதற்கு முதலிடம் இல்லை.

பட்டாசுக்கு வருவோம். 2018 அக்டோபர் 23ஆம் தேதி அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்குத் தடை விதித்தது, சரவெடிக்குத் தடை விதித்தது, பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்றது, தீபாவளிக்கு இரவு இரண்டு மணி நேரம் என்றது. பேரியம் இல்லாமல் கம்பி மத்தாப்பு, தரைச்சக்கரம், புஸ்வாணம் செய்வது எப்படி என்று போர்மேன்களுக்கே அப்போது தெரியவில்லை. அந்தத் தீபாவளி முடிந்ததும் ஆலைகள் மாதக்கணக்கில் அடைத்துக் கிடந்தன. தில்லியில் குழந்தைகள் மூச்சுத் திணறுகிறார்கள் என்பதும் உண்மை, அந்தக் குழந்தைகளைப் பெற்றவர்கள் போட்ட வழக்கைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த மாதங்களில் சரவெடி பின்னிய பெண்கள் எதைத் தின்றார்கள் என்பதும் அதே அளவு உண்மை. நாக்பூரில் இருக்கும் நீரி ஆய்வு நிறுவனம் பசுமைப் பட்டாசுக்குக் கலவை கண்டுபிடித்துக் கொடுத்தது, அதற்கு அரசாங்கம் செலவு செய்தது. கலவை முதலாளிக்குப் போய்ச் சேர்ந்தது. சரவெடி பின்னியவருக்கு மாற்று வேலை கற்றுக் கொடுக்கவோ, அடைத்துக் கிடந்த மாதங்களுக்கு அரைக் கூலியாவது கொடுக்கவோ எவரும் திட்டம் போடவில்லை. வருமானம் நின்ற வீடுகளில் என்ன நடக்கும்? லைசென்ஸ் இல்லாத வேலை வீட்டுக்குள் வரும். திரியும் மருந்தும் அடுப்படிக்குப் பக்கத்தில் வரும். இந்த ஊரில் அது எப்படி வெடித்து முடிந்தது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆலைகளிலும் வெடிவிபத்து நடக்கிறது: 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளம். ஒவ்வொரு தடவையும் நிவாரணத் தொகை அறிவிக்கிறார்கள். செத்த பிறகு பணம் வீடு தேடி வருகிறது. உயிரோடு இருக்கும்போது வருவதற்குத்தான் வழி இல்லை. விபத்தில் பெற்றவரை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்தது நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். அந்தப் பிள்ளையின் அம்மா சாகாமல் இருப்பதற்கும் அதே அக்கறையோடு நிபந்தனை எழுத வேண்டும் என்றுதான் கேட்கிறேன். மருந்து செலுத்தும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. மத்திய வெடிபொருள் துறையின் நாக்பூர் லைசென்ஸ் வாங்கிய ஆலையை அறை அறையாக உள்குத்தகைக்கு விட்ட பிறகு, எந்த அறையில் எத்தனை பேர் என்று கணக்கு வைப்பது யார்? உள்குத்தகைக்காரர் லைசென்ஸில் இல்லை, அவரிடம் வேலை செய்கிறவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பெயரே இல்லாத ஆளை எந்த அரசாங்கமும் காப்பாற்ற முடியாது.

அதனால்தான் ஜெர்மனியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். 2009இல் அதே உலக நெருக்கடி அங்கேயும் அடித்தது, அங்கேயும் கார் ஆலைகளில் வேலை குறைந்தது. அங்கே ஒரு பழைய ஏற்பாடு உண்டு. வேலை குறைந்தால் ஆளை நிறுத்தாதே, வேலை நேரத்தைக் குறை. குறைந்த நேரத்துக்கான கூலியில் 60 சதவீதம், பிள்ளை குட்டி இருப்பவருக்கு 67 சதவீதம், காப்பீட்டு நிதியிலிருந்து வரும். 2009 மத்தியில் 15 லட்சம் பேர்வரை அந்தப் பணத்தில் குடும்பம் நடத்தினார்கள். நெருக்கடி தீர்ந்ததும் அதே கைகள் அதே இயந்திரத்துக்குத் திரும்பின. கைப்பழக்கம் வீணாகவில்லை, ஆலைக்கும் புது ஆள் தேடும் சிரமம் இல்லை.

அதெல்லாம் பணக்கார நாடு, நமக்கு ஆகுமா என்று கேட்பீர்கள். நம் நாட்டிலும் ஏட்டில் இருக்கிறது. 1947ஆம் வருடத் தொழில் தகராறு சட்டத்தில், வேலை கொடுக்க முடியாமல் நிறுத்தி வைத்தால் பாதிக் கூலி என்று 1953இல் சேர்த்து எழுதினார்கள். ஆனால் 50 தொழிலாளிக்குக் குறைந்த ஆலைக்கு அது பொருந்தாது, பருவகாலத் தொழிலுக்கும் பொருந்தாது என்று கூடவே எழுதினார்கள். ஆலை ஏன் துண்டு துண்டானது என்று முன்னால் சொன்னேனே, அதையும் இதையும் சேர்த்துப் பாருங்கள். 2018இல் இஎஸ்ஐ நிறுவனம் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. வேலை இழந்த காப்பீட்டுதாரருக்கு 90 நாள் வரை உதவி. 2020இல் அதைச் சராசரிக் கூலியில் பாதியாக உயர்த்தினார்கள். சிவகாசியில் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியே இருக்கிறது. ஆனால் பெயர் பதிவாகியிருந்தால்தானே? தொடர்ந்து சந்தா கட்டியிருந்தால்தானே? மழைக்காலத்தில் மருந்து காயாமல் வேலை நிற்கிறது, நீதிமன்ற உத்தரவில் வேலை நிற்கிறது, பக்கத்து ஆலையில் வெடித்தால் ஆய்வு என்று வேலை நிற்கிறது. நிற்கிற ஒவ்வொரு நாளும் கடன் கூடுகிறது. அந்தக் கடனைத்தான் அடுத்த வருட முன்பணம் என்ற பெயரில் ஆலையே கொடுத்து, ஆளைக் கட்டிப் போடுகிறது.

முதலாளிகளும் கஷ்டத்தில்தானே இருக்கிறார்கள் என்று ஒரு அண்ணாச்சி என்னிடம் முன்னமே கேட்டார். இருக்கிறார்கள். சின்ன ஆலை வைத்திருப்பவர் வட்டிக்கு வாங்கித்தான் அலுமினியப் பவுடர் இறக்குகிறார். வடநாட்டு வியாபாரி தீபாவளி கழித்துத்தான் பணம் தருகிறார், சில வருடம் தருவதுமில்லை. அவருக்குக் குறைந்த வட்டியில் கடன் வேண்டும், கொடுக்கட்டும். கொரோனா காலத்தில் சிறு தொழிலுக்கு அரசு உத்தரவாதத்தில் கடன் கொடுத்தார்களே, அது மாதிரி இன்னும் கொடுக்கட்டும். நான் சொல்வது, அமெரிக்கா ஜெனரல் மோட்டார்ஸிடம் கேட்டது போல நிபந்தனை கேட்டுக் கொடுக்க வேண்டும். அத்தனை பெரிய கம்பெனியின் தலைவரையே எழுந்து போகச் சொல்ல ஒரு அரசாங்கத்தால் முடிந்தது. உள்குத்தகை விட்டால் கடன் கிடையாது, வரிச் சலுகை கிடையாது என்று சொல்ல நம் அரசாங்கத்துக்கு என்ன தயக்கம்?

ஆக நான் கேட்பது இவைதான். தீப்பெட்டிக்கோ பட்டாசுக்கோ வரி குறைப்பு, இறக்குமதித் தடை, கடன் என்று எந்த உதவி வந்தாலும், ஆலையில் வேலை செய்யும் ஒவ்வொருவர் பெயரும் இஎஸ்ஐ பதிவேட்டில் இருந்தால்தான் அந்த உதவி என்று எழுத வேண்டும். வீட்டில் பெட்டி ஒட்டுகிறவரும் தொழிலாளிதான், அவர் பெயரும் அதில் வர வேண்டும். அரசாங்க உத்தரவாலோ நீதிமன்ற உத்தரவாலோ வேலை நின்றால், நின்ற நாளுக்குப் பாதிக் கூலி தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளர் நல வாரியத்தின் வழியாக நேரே தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். அதற்குப் பணம் எங்கே என்றால், ஒவ்வொரு பட்டாசுப் பெட்டிக்கும் வசூலிக்கும் 18 சதவீத வரியில் ஒரு சிறு பங்கு போதும். நாற்பது வயதுக்கு மேல் மருந்து வேலையில் நுரையீரல் கெட்டுப்போனவருக்கு வேறு தொழில் கற்றுக் கொடுக்க இந்த வட்டாரத்திலேயே ஒரு இடம் வேண்டும், கற்கும் மாதங்களுக்குக் கூலியோடு.

வரி குறைக்கச் சொல்லியும் தடை போடச் சொல்லியும் ஒவ்வொரு வருடமும் ஒரு குழு சென்னைக்கும் தில்லிக்கும் போகிறது. ஆலை உரிமையாளர் சங்கத்தார் போகிறார்கள், சட்டமன்ற உறுப்பினர் போகிறார், வக்கீல் போகிறார். அடுத்த தடவை போகும் குழுவில் கட்டை அடுக்குகிறவர் ஒருவரும் மருந்து செலுத்துகிறவர் ஒருவரும் இருக்க வேண்டும். கொண்டுபோகும் மனுவில் முதல் கோரிக்கை அவர்களுடையதாக இருக்க வேண்டும். இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களில் யார் போவது என்று அந்தக் குழு கிளம்புவதற்கு முன்னால் நீங்களே கூடிப் பேசி, பெயரைக் கொடுங்கள்.